தூக்கம் என்று பதிவான ஒரு மதியம்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்குச் சொற்களின் அட்டவணை ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். இடது பக்கம் ஒரு ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு சொல். அதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்த அட்டவணை கைகொடுக்காமல் போன ஒரு வாரத்தைப் பற்றி.

சென்னைக் கிளையிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் உங்களில் ஒருத்தி சில நாட்களுக்கு முன் போனில் கேட்டாள்: “அக்கா, சந்தேகம் வந்தா எதை வச்சு முடிவு பண்ணுவீங்க?” குழந்தை அழுகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உண்மையில் அழவில்லை. இரண்டாவதாகச் சின்னவள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே டாக்குரியாவில் வீட்டோடு இருக்கிறேன். விட்டது சரிதானா என்ற கேள்விக்குக் காலையில் ஒரு பதிலும் சாயங்காலம் வேறு பதிலும் வருகிறது. அப்படிப்பட்டவள் மற்றவர்களுக்கு என்ன சொல்லிவிட முடியும் என்று தயங்கினேன். ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது எப்போதும் கஷ்டம். மருந்து சாப்பிட்ட யாருக்கோ ஏதோ ஒரு நாட்டில் உடம்புக்கு ஏதோ ஆகிறது. அவர் மருந்து நிறுவனத்துக்குப் போன் செய்கிறார். அந்தத் தகவல் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கும் நம் திரைக்கு வருகிறது. நாம் அதைப் படித்து, சுருக்கி எழுதி, நடந்ததற்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அது சீரியஸா இல்லையா என்று குறிக்கிறோம். சீரியஸ் என்றால் சில நாட்களுக்குள் அந்த நாட்டு அரசின் மருந்துத் துறைக்குப் போய்விடும். இல்லையென்றால் மற்ற ஆயிரம் தகவல்களோடு சேர்ந்து மாதக்கணக்கில் காத்திருக்கும்.

அட்டவணையின் முதல் ஜோடியே சிவியர், சீரியஸ்தான். சிவியர் என்பது எவ்வளவு கடுமை என்பதைச் சொல்வது. சீரியஸ் என்பது அதனால் உயிருக்கோ உடம்புக்கோ என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்வது. மண்டை பிளக்கிற தலைவலி வந்து, படுத்து எழுந்து மறுநாள் வேலைக்குப் போனால் அது சிவியர், ஆனால் சீரியஸ் இல்லை. லேசான மாரடைப்பு சிவியர் இல்லை, ஆனால் சீரியஸ். நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் நாள் பிடிக்கும். நம் வீடுகளில் சீரியஸ் என்று போன் வந்தால் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் தேடுவோம். அந்தப் பதைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே அந்தச் சொல்லைத் தொட வேண்டும் என்பார்கள். எனக்கு அது கடைசி வரை முழுதாகக் கழலவில்லை.

அது துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம். கொல்கத்தாவில் பூஜைக்கு நகரமே நின்றுபோகும், ஆனால் மற்ற நாடுகளில் ஜனங்கள் மருந்து சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. திரும்பி வந்து பார்த்தால் வேலை மலையாகக் குவிந்திருக்கும். மற்றவர்கள் முடித்த பதிவுகளைச் சரிபார்த்து அனுப்புவது என் பொறுப்பு. மௌமிதா என்ற வங்காளிப் பெண் முடித்த பதிவு ஒன்று என் முன்னால் வந்தது. இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தை. ஒவ்வாமைக்குக் கொடுக்கிற ஒரு சிரப். அந்த நாட்டின் போன் மையத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மருந்து கொடுத்த பின் குழந்தை ஸ்லீப்பியாக இருந்தான், மதியம் முழுக்கத் தூங்கினான், எழுப்பச் சற்று நேரம் ஆனது, மாலையில் நன்றாக இருந்தான்.

மௌமிதா அதைத் தூக்கக் கலக்கம் என்று பதிந்து, லேசானது, சீரியஸ் இல்லை என்று குறித்திருந்தாள். மருந்துப் பெட்டியிலேயே தூக்கம் வரும் என்று அச்சிட்டிருக்கிறது. மருத்துவமனைக்குப் போகவில்லை. விதிப்படி அவள் செய்தது சரி. நான் ஒப்புதல் பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். ‘எழுப்பச் சற்று நேரம் ஆனது.’ கையை எடுத்துவிட்டேன். அப்புறம் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

எங்கள் குழுவை நடத்துகிற லீட் ஒரு கொல்கத்தாத் தமிழர். அவருடைய தாத்தாவின் அப்பா காலத்திலேயே இங்கே வந்து குடியேறிய குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் வங்காளத்துக்குப் போய்விடுவார். அவரிடம் போய் நின்றேன்.

“என்னம்மா, அலாரம் அடிச்சாச்சா?” என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ‘அலாரம்’ என்பது குழுவில் எனக்கு வைத்திருந்த பெயர். அதற்கு முந்தைய மாதங்களில் நான் சீரியஸ் என்று உயர்த்திய சில பதிவுகள் மருத்துவர் பார்வைக்குப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருந்தன.

“சார், இந்தக் குழந்தை கேஸ். எழுப்ப நேரம் ஆச்சுன்னு இருக்கு. எவ்வளவு நேரம்னு இல்ல.”

“என் பையன் காலேஜ் போறான். அவனை எழுப்பவும்தான் நேரமாறது. சீரியஸா போட்டுடலாமா?”

பக்கத்து இருக்கைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அங்கேயே நின்றேன்.

அவர் பதிவைத் திறந்து படித்தார். “அம்மாவே ஸ்லீப்பின்னு சொல்லியிருக்கா. டிரௌசின்னுகூடச் சொல்லலை. உன் பொண்ணுக்கு என்ன வயசு?”

“மூணு ஆகப்போகுது.”

“அதான். பாரும்மா, நீ இதை அம்மாவாப் படிக்கறே. அம்மாவைக் கழட்டி வாசல்ல வச்சுட்டு இன்னொரு தடவை படி.”

“படிச்சேன் சார். அப்பவும் அப்படித்தான் இருக்கு.”

“டீக் ஆச்சே” என்றார் வங்காளத்தில். “சரி, ஏத்தணும்னா ஏத்து. ஆனா காரணம் எழுதணும். எனக்குப் பயமா இருக்குன்னு எழுத முடியாது. இல்லைன்னா அந்தம்மாகிட்ட விவரம் கேட்டு அனுப்பு. கேக்கறது ஒரே தடவை, ஞாபகம் வச்சுக்கோ. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்.”

மருந்து வாங்கியவர்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் வழக்கம். விவரம் கேட்க ஒரு வாய்ப்புதான். அதிலும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கக் கூடாது. படிக்கும்போது சுலபமாகத் தெரிகிற இந்த விதி, எழுத உட்காரும்போது எப்படிப் படுத்தும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

‘குழந்தை டிரௌசியாக இருந்தானா?’ என்று எழுதினேன். தூங்கி வழிவதற்கும் மருந்தின் மயக்கத்தில் கிடப்பதற்கும் நடுவில் நிற்கிற சொல் அது. ஆமாம் என்பாள், முடிந்தது. அழித்தேன். ‘லெத்தார்ஜிக்காக இருந்தானா?’ மருத்துவர்கள் வாயில் அது பயங்கரமான சொல், குழந்தை துவண்டு எதையும் பொருட்படுத்தாமல் கிடப்பது. சாதாரண மனிதர்கள் திங்கட்கிழமை காலையில் தங்களைப் பற்றியே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். அவள் எந்த அர்த்தத்தில் ஆமாம் என்கிறாள் என்று எனக்குத் தெரியப் போவதில்லை. ‘கூப்பிட்டதற்கு அசைவே இல்லையா?’ இதைப் படித்தால் அந்தத் தாய் நடந்ததையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்து, நடக்காததையும் சேர்த்துக்கொள்வாள். நானாக இருந்தால் சேர்த்துக்கொள்வேன். அதையும் அழித்தேன்.

எல்லாச் சொற்களின் வித்தியாசமும் எனக்குத் தெரிந்திருந்தது. எதைப் போட்டாலும் என் சொல் அவள் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்து சிறிது நேரத்தில் போன் வந்தது. என் பெண் மகிழைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, நாங்கள் மாஷி என்போம். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்றார். எழுந்திருக்க முடியவில்லையா, மாட்டேன் என்கிறாளா என்று கேட்டேன். மாஷிக்கு என் வங்காளம் புரியவில்லையோ, என் கேள்வி புரியவில்லையோ, “நீ கிளம்பி வா” என்று மட்டும் சொன்னார். வண்டி பிடித்து வருகிற வழியெல்லாம் அந்தச் சிரப் மகிழுக்கு எப்போதாவது கொடுத்தோமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கொடுத்ததில்லை. வீட்டுக்காரருக்குச் சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டில் வேலை, உள்ளே இருந்தால் போன் எடுக்க மாட்டார். எடுக்கவில்லை.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்ன என்று கேட்டார். “காய்ச்சல். காலையிலிருந்து லெத்தார்ஜிக்” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், பேனாவை எடுத்தார். பெரிய மருத்துவமனைக்கு எழுதப் போகிறார் என்று தெரிந்தது. எழுத ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு வங்காளத்தில் கேட்டார்: “படுக்கையிலிருந்து தூக்கினபோது என்ன பண்ணினாள்?”

“அழுதாள். விடு விடுன்னு உதைச்சாள். நீல செருப்புதான் வேணும்னு சொன்னாள்.”

“போட்டு விட்டீர்களா?”

“பச்சைதான் கைக்குக் கிடைத்தது. அதற்கும் உதைத்தாள்.”

அவர் பேனாவை மூடினார். “அம்மா, லெத்தார்ஜிக் குழந்தைக்குச் செருப்பு நிறம் தெரியாது. எந்த ஆபீஸில் வேலை உங்களுக்கு?” சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். “இங்கே வரும்போது அந்த இங்கிலீஷை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். குழந்தை என்ன செய்தது, அதைச் சொல்லுங்கள். அதற்குப் பேர் வைக்கிற வேலை என்னுடையது.”

சாதாரண வைரஸ் காய்ச்சல். மதியமே ரசம் சாதம் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். “எதுக்கு அவர்கிட்ட போயி அந்த வார்த்தையெல்லாம் சொல்ற? சோர்ந்து கெடக்கான்னு சொல்ல வேண்டியதுதான?” என்றார்.

“அவருக்குத் தமிழ் தெரியாதுங்க.”

“செருப்புக்கு ஒதைச்சாள்னு மட்டும் வங்காளத்துல சொல்லத் தெரிஞ்சுதாக்கும்.”

சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் கலக்கம் வந்தது. என் குழந்தைக்கு நான் வைத்த பெயர் அவ்வளவு பெரியது, நடந்தது இவ்வளவு சின்னது. அப்படியானால் யாரோ ஒருவரின் குழந்தையைப் பற்றி நேற்று எனக்குப் பட்டதும் இதே போல ஊதிப் பெரிதானதுதானோ. லீட் சொன்னது சரியோ. மகிழை மாஷியிடம் விட்டுவிட்டு மறுபடி செக்டர் ஃபைவுக்குக் கிளம்பியபோது, ஒப்புதல் கொடுத்துவிடலாம் என்ற முடிவோடுதான் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். மருத்துவர் எப்படி என்னைப் பயத்திலிருந்து இறக்கிவிட்டார்? சமாதானம் சொல்லவில்லை. தூக்கினபோது என்ன பண்ணினாள் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதனால் பயம் போனது. அந்த இன்னொரு குழந்தையை எழுப்பினபோது அவன் என்ன செய்தான்? அழுதானா, உதைத்தானா? எனக்குத் தெரியாது. மௌமிதாவுக்குத் தெரியாது. லீடுக்கும் தெரியாது. என் பயம் பெரிதா சிறிதா என்பதை விட்டுவிட்டாலும் அந்தத் தெரியாமை அப்படியே இருந்தது.

இருக்கைக்கு வந்ததும் இரண்டு வரி எழுதினேன். அவனை எழுப்ப நீங்கள் என்னென்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் அவன் என்ன செய்தான்? அந்தக் கேள்வியில் அவன் எப்படி இருந்தான் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. பிறகு பதிவை சீரியஸ் என்று மாற்றி, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: எழுப்ப எவ்வளவு நேரம் ஆனது, எவ்விதம் எழுப்பப்பட்டான், தூண்டலுக்கு என்ன செய்தான் ஆகியவை தெரியவில்லை, தெரியும்வரை இதைச் சாதாரணத் தூக்கம் என்று கொள்ள ஆதாரம் இல்லை.

லீட் படித்தார். “பொண்ணு எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா சார். வெறும் காய்ச்சல்.”

“நல்லா இருக்கான்னு தெரிஞ்சும் இதை ஏத்தறே.”

“அது வேற குழந்தை சார்.”

“இதுவும் திரும்பி வந்துதுன்னா அடுத்த மீட்டிங்ல உன் பேரைச் சொல்லித்தான் பேசுவா. நான் தடுக்க முடியாது.”

“சரி சார்.”

“காரணம் நன்னா எழுதியிருக்கே,” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்கான பொத்தானை அழுத்தினார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. இனி மறுக்க முடியாதே என்ற சலிப்புதான் குரலில் இருந்தது.

பதில் வரும்வரை நான் நானாக இல்லை. காலையில் திரையைத் திறந்ததும் முதலில் அதைத் தேடுவேன். வராவிட்டால் ஏமாற்றம், கூடவே ஒரு நிம்மதி. மௌமிதா என்னோடு சாப்பிட வருவதை நிறுத்தியிருந்தாள். அவள் பதிவை நான் மாற்றியது அவளுக்கு அவமானமாக இருந்திருக்கும். வீட்டில் மகிழ் தூங்கும்போது மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் விழித்துக்கொண்டு கத்துவாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. அந்தத் தாய் நீளமாகவே சொல்லியிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், அசையவில்லை. கையைத் தட்டினாள். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள், கண்ணைத் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினாள், காலை இழுத்துக்கொள்ளவில்லை. தூக்கினபோது தலை பின்னால் தொங்கியது. தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஆஸ்பத்திரிக்குப் போக எதிர்வீட்டுக்காரரின் காரில் ஏறினாள். பாதி வழியில் அவன் வாந்தி எடுத்தான், அழுதான், அவள் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் சரியாகிவிட்டான் என்று காரைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பிறகு மருந்து நிறுவனத்துக்குப் போன் செய்தபோது எடுத்தவர், குழந்தை ஸ்லீப்பியாக இருந்தானா என்று கேட்டார். இவளும் ஆமாம் என்றாள்.

பதிலின் கடைசியில் அவளே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பாதி வழியில் திரும்பியது தப்பா?

லீட் அதை இரண்டு தடவை படித்தார். “ஹரி, ஹரி” என்றார் மெல்ல. நிறுவனத்தின் மருத்துவரை அவரே போனில் கூப்பிட்டுப் பேசினார். அதற்கு முன்பே பதிவு சீரியஸ் என்று போயிருந்ததால் ஒரு நாளும் வீணாகவில்லை. அதே சிரப்பைப் பற்றி வந்த பழைய பதிவுகளில் ஸ்லீப்பி என்று இருந்தவற்றையெல்லாம் தோண்டி எடுக்கச் சொன்னார்கள். அதை மௌமிதாவும் நானும் உட்கார்ந்து செய்தோம்.

“திதி, நான் பண்ணினது தப்பா?” என்று கேட்டாள் அவள். வங்காளத்தில் அக்காவுக்குத் திதி.

“உன் முன்னால இருந்த வார்த்தைக்கு நீ பண்ணினது சரி.”

“அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கும் தெரியல. தெரியலைன்னுதான் எழுதினேன்.”

அவள் நம்பியதாகத் தோன்றவில்லை. ஆனால் மறுநாள் சாப்பாட்டு டப்பாவோடு என் மேஜைக்கு வந்தாள்.

இங்கே நிறுத்தினால் நான் கெட்டிக்காரி என்று முடிந்துவிடும். அதற்கப்புறம் நான் உயர்த்திய இரண்டு பதிவுகள் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தன, மீட்டிங்கில் என் பேர் சொன்னார்கள். அதனால் சந்தேகம் வந்தால் உயர்த்துங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எது தெரியவில்லை என்பதை வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் உயர்த்துங்கள். எழுத வரவில்லையென்றால் அது பெரும்பாலும் உங்கள் பயம், தண்ணீர் குடித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். இதுவும் எப்போதும் சரியாக வரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

அந்தத் தாயின் கேள்வி மிச்சம் இருந்தது. நாம் மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது. பதிவு முடிந்ததும் அவளுக்குத் தானாக ஒரு நன்றிக் குறிப்பு போகும், அவ்வளவுதான் நம்மிடமிருந்து அவளுக்கு. அனுப்புவதற்கு முன் அதைத் திறந்து பார்த்தேன். ‘உங்கள் குழந்தையின்’ என்பதற்குப் பக்கத்தில் நாங்கள் புதிதாகத் தேர்ந்தெடுத்த மருத்துவப் பெயரை இயந்திரம் நிரப்பியிருந்தது. தூண்டலுக்கு எதிர்வினையற்ற நிலை. அதைப் படித்தால் அவள் எத்தனை நாள் தூங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

லீடிடம் போய் நின்றேன். “சார், இந்த ஒரு வரியை மாத்தலாமா?”

“டெம்ப்ளேட்ல யாரும் கை வைக்கறதில்லைம்மா.”

“தெரியும் சார்.”

“என்ன போடப் போறே?”

எழுதிக் காட்டினேன். அன்று மதியம் நீங்கள் செய்ததையும் பார்த்ததையும் எங்களுக்குச் சொன்னதற்கு நன்றி. அதனால் இது இப்போது கவனமாக ஆராயப்படுகிறது.

“அவ கேட்டதுக்கு இது பதில் இல்லையே.”

“இல்ல சார். பதில் சொல்ல நமக்கு அனுமதி இல்ல.”

அவர் கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். “செய்ததையும்கறதை முன்னாடி போட்டிருக்கே பார், அவ சும்மா இருக்கலைன்னு சொல்றது அது. அப்படியே இருக்கட்டும். அனுப்பு.”

அனுப்பினேன். அவள் அதை எப்படிப் படித்திருப்பாள் என்று இப்போதும் சில மதியங்களில், சின்னவள் தூங்குகிற நேரத்தில், நினைத்துக்கொள்கிறேன்.